ஆறாவது குழாய்

எங்கள் பக்கத்து மைக்செட்காரர்கள் சேர்ந்து ஒரு மலர் போடுகிறார்களாம். அதில் நானும் எழுத வேண்டும் என்று இரண்டு பேர் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். "அண்ணே, எந்த ஆம்ப்ளிக்கு எத்தினி ஸ்பீக்கர் போடலாம், எப்பிடிக் கணக்குப் பண்றதுன்னு ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க. புதுசா தொழிலுக்கு வர்றவங்களுக்கு அது சுத்தமா தெரியல" என்றார்கள்.

"இப்பதான் பொட்டிக்குள்ளயே ஆம்ப்ளிய வெச்சி வித்துக்கினு இருக்கானே, இதுல கணக்கு இன்னாத்துக்கு?" என்று கேட்டேன். "கொழா ஸ்பீக்கர் கட்றவங்க இன்னும் இருக்கோம்ணே" என்று சிரித்தார்கள். டீ குடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

எழுதுகிறேன். ஆனால் கணக்கை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்ள என்னால் ஆகாது. கணக்குத் தெரியாதவன் செய்கிற தப்பை மன்னித்துவிடலாம். நான் கணக்குத் தெரிந்தவன். தெரிந்தே ஒரு நாள் அதை மீறினேன். அதனால் என்ன ஆயிற்று என்பதையும் சேர்த்துத்தான் எழுத முடியும். மலரில் போட்டால் போடட்டும், போடாவிட்டால் போகட்டும்.

எனக்குச் சொந்த ஊர் நைனார்பாளையம் பக்கம். ஒரு காணி நிலம்கூட இல்லாத குடும்பம். அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்டப் போவார்கள். நான் பத்தாவதில் தோற்றேன், அதுவும் கணக்கில். கள்ளக்குறிச்சியில் பஷீர் பாய் மைக்செட் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் மூன்று வருஷம் ஒயர் சுற்றியதும் மரம் ஏறியதும்தான் வேலை. அப்புறம் ஆம்ப்ளியைத் தொட விட்டார். முப்பது வருஷத்துக்கு மேல் அந்த ஒரே கடையில் இருந்தேன்.

பாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊருக்கே கேட்கிற சத்தத்தை வாடகைக்கு விட்ட மனுஷன், தான் பேசினால் பக்கத்தில் நிற்பவனுக்கே பாதிதான் கேட்கும். அவ்வளவு மெதுவாகப் பேசுவார். திட்டுவதும் அதே குரலில்தான். ஒரு ஆளிடம் ஒரு கேள்வியை ஒரு தடவைதான் கேட்பார். நாம் உண்மையைச் சொன்னால் அதைப் பற்றிப் பேசுவார். பொய் சொன்னால் "சரி" என்று சொல்லிவிட்டு, அந்தப் பொய்யை நம்மிடமே விட்டுவிடுவார். திட்டு வாங்கியவன் மறுநாள் மறந்துவிடுவான். அந்த "சரி"யை வாங்கியவனால் மறக்க முடியாது.

செட் வெளியே போவதற்கு முன்னால் அவர் செய்கிற வேலை எதிலும் ஒரு படி தவறாது. குழாய்களைத் தரையில் வாய் கவிழ்த்து வரிசையாக வைப்போம். ஒவ்வொரு குழாயின் பின்னாலும் இருக்கிற, சத்தத்தை எழுப்புகிற யூனிட்டை மீட்டர் வைத்துப் பார்ப்பார். யூனிட் எத்தனை வாட், எத்தனை ஓம்ஸ் என்பதை அதன் முதுகிலேயே வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருப்பார். எழுத்து தேய்ந்திருந்தால் மறுபடி எழுதுவார். பிறகு ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஒரு நிமிஷம் பாட விட்டு, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். அப்புறம்தான் வண்டியில் ஏற்றலாம்.

போன இடத்தில் அரை மணிக்கு ஒரு தடவை ஆம்ப்ளியின் பின்பக்கம் உள்ளங்கையை வைத்துப் பார்க்க வேண்டும். கையை எடுக்காமல் பத்து வரைக்கும் எண்ண வேண்டும். பாய் உருதுவில் எண்ணுவார். அதனால் கடையில் வேலை செய்த எல்லோரும், உருது ஒரு வார்த்தை தெரியாதவன்கூட, ஆம்ப்ளியில் கை வைத்தால் ஏக், தோ, தீன், சார் என்றுதான் எண்ணுவோம். பத்து வரைக்கும் தாங்கினால் சரி. ஏழில் கையை எடுத்தால் சத்தத்தைக் குறைக்க வேண்டும். ஐந்துக்கே எடுத்தால் நிறுத்திவிட வேண்டும். எந்தக் கல்யாணமானாலும் எந்தக் கட்சிக் கூட்டமானாலும் நிறுத்திவிட வேண்டும்.

இப்போது கணக்கு. ஒரு யூனிட் முப்பது வாட், பதினாறு ஓம்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு குழாய்களின் ஒயரையும் சேர்த்து ஒரே இடத்தில் கொடுத்தால் வாட் நூற்றிருபது ஆகும், ஓம்ஸ் நாலாகக் குறையும். ஓம்ஸ் குறையக் குறைய ஆம்ப்ளிக்குப் பாரம் ஏறும். நாலு ஓம்ஸுக்கு என்று ஆம்ப்ளியின் பின்னால் தனியாக ஒரு முனை இருக்கிறது. அதில் கொடுக்க வேண்டும். ஆம்ப்ளி நூற்றிருபதுக்குச் சரியாக இருந்தால் போதாது, நூற்றறுபதாவது இருக்க வேண்டும். வாட் கூட இருக்கிறதே என்று சத்தக் குமிழை முழுக்கத் திருகவும் கூடாது, முக்காலோடு நிறுத்த வேண்டும். "வெரலுக்குத் தகுந்த வீக்கம்டா" என்பார் பாய்.

பெரிய ஆம்ப்ளி போட்டால் ஸ்பீக்கர் எரிந்துவிடும் என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். நான் பார்த்தவரையில் யூனிட்டை எரித்தது பெரும்பாலும் சக்தி பத்தாத ஆம்ப்ளிதான். பத்தாததை முழுக்கத் திருகினால் சத்தம் கிழியும். கேட்பவனுக்கு அது கரகரப்பு, யூனிட்டுக்குள் இருக்கிற மெல்லிய கம்பிச் சுருளுக்கு அது நெருப்பு. யூனிட் போகும், பல சமயம் ஆம்ப்ளியும் கூடவே போகும்.

குழாய் ஆறு கட்ட வேண்டும், ஆம்ப்ளி நூற்றறுபதுதான் இருக்கிறது என்றால் என்ன செய்வது? இரண்டிரண்டு குழாயாக ஒன்றின் வாலில் இன்னொன்றைக் கோக்க வேண்டும். அப்படி மூன்று ஜோடி. ஓம்ஸ் பத்துக்கு மேல் ஏறிவிடும், எட்டு ஓம்ஸ் முனையில் கொடுக்கலாம். ஆம்ப்ளி நிம்மதியாக ஓடும். சத்தம் கம்மியாக இருக்கும், ஆனால் கடைசிவரை இருக்கும். பாய் எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது, நான் அந்த ஆறு குழாயையும் தூக்கிக்கொண்டு கல்வராயன் மலைக்குப் போனபோது.

அது ஒரு மனு வாங்கும் கூட்டம். பெரிய அதிகாரி ஒருவர் மலைக்கு வருகிறார், பஸ் நிற்கிற ஊரின் பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் என்று சொன்னார்கள். மலை ஊர்களின் பெயர்களை எழுதவில்லை. மனிதர்கள் பெயரையும் மாற்றியிருக்கிறேன். முகூர்த்த நாள் என்பதால் கடையில் இருந்த மற்ற ஆம்ப்ளிகள் எல்லாம் கல்யாணத்துக்குப் போய்விட்டன. நூற்றறுபது வாட் ஒன்றுதான் மிச்சம். பாய் நான்கு குழாய் கட்டச் சொன்னார். ஏதாவது பழுதானால் மாற்றிக்கொள்ள மேற்கொண்டு இரண்டு ஏற்றிவிட்டார்.

மலையில் மைக்செட் கட்டுவதில் ஒரு வழக்கம் உண்டு. கீழே நாம் கூட்டத்தைப் பார்த்துக் குழாயைத் திருப்புவோம். அங்கே சுற்றியுள்ள ஒவ்வொரு ஊரையும் பார்த்து ஒரு குழாய் இருக்க வேண்டும். ஆடு மேய்க்கிறவர்கள், மரவள்ளிக் காட்டில் நிற்கிறவர்கள், நடக்க முடியாத கிழடு கட்டைகள் எல்லாம் இருந்த இடத்திலிருந்தே கேட்பார்கள். ஒரு ஊரைப் பார்த்துக் குழாய் திருப்பவில்லை என்றால் அந்த ஊரை அழைக்கவே இல்லை என்று அர்த்தம். இதற்காகச் சண்டை வந்து திருவிழாவே நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

நான்கு ஊருக்கு நான்கு குழாய் கட்டி முடித்தேன். ஐந்தாவது ஊரின் தலைவர், ஊர்க் கவுண்டர், வந்தார். "எங்கள இன்னா, ஆளாவே மதிக்கலையா?" என்று கேட்டார். ஐந்தாவதைக் கட்டினேன். அதற்கே ஆம்ப்ளி தாங்குமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் செல்லம்மா வந்தார்.

ஐம்பது வயது இருக்கும். கையில் மடித்த மனு. "அண்ணா, எங்க ஊரப் பாத்தும் ஒண்ணு திருப்பி வையிங்கண்ணா" என்றார்.

"எது உங்க ஊரும்மா?"

பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினார். நேரே பார்த்தால் பக்கம்போல்தான் தெரிந்தது. நடந்தால் இறங்கி ஏற இரண்டு மணி நேரம். ரோடு கிடையாது. ஒரு பெரிய பாறையும் அதன் பின்னால் நாலைந்து கூரையும் தெரிந்தன.

"அம்மாந்தூரம் கேக்காதும்மா."

"கேக்கும்ணா. திருவிழாவுல பாட்டு கேட்டுச்சே. எம் பொண்ணு ஜெயா அந்தப் பாறமேல வந்து ஒக்காந்துக்கினு இருக்கா. ஆறு மாசம் அவுளுக்கு. நடந்து வர முடியல."

பிறகு எல்லாவற்றையும் அவரே சொன்னார். மூத்த மகளுக்கு வலி எடுத்தபோது போர்வையில் தூளி கட்டித் தூக்கி வந்தார்களாம். பாதி வழியில் குழந்தை போய்விட்டது. அதனால் ஆம்புலன்ஸ் ஜீப் வருகிற அளவுக்காவது பாதையை வெட்டிக் கொடுங்கள் என்று அன்றைக்கு அதிகாரியிடம் கேட்கப் போகிறார். பொக்லைன் விட்டால் பத்து நாள் வேலைதான்.

"ஆவும்னாலும் சரி, ஆவாதுன்னாலும் சரி, தெரிஞ்சா போதும்ணா. ஆவாதுன்னு சொல்லிட்டா, ஏழாம் மாசமே கீழ கச்சிராயபாளையத்துல என் தங்கச்சி வூட்டுக்குப் போயி இருந்துக்கறேன்னு சொல்லிக்கினு இருக்கா. அப்பிடிச் சொல்லலன்னா என்னத் தனியா வுட்டுட்டுப் போவ மாட்டேங்கறா. புடிவாதக்காரி. அவரு சொல்றத அவளே காதால கேக்கணுமாம்."

ஆறாவது குழாயையும் எடுத்தேன். வேறு என்ன செய்வேன்? மறுத்துவிட்டு வந்திருந்தால் இன்றைக்கு இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். ஆனால் அந்த முகத்தைப் பார்த்து முடியாது என்று சொல்ல எந்தக் கணக்குக்கும் தைரியம் கிடையாது.

முதலில் முறைப்படிதான் செய்தேன். இரண்டிரண்டாகக் கோத்து மூன்று ஜோடியாகக் கொடுத்தேன். மைக்கில் "ஹலோ" சொல்லிப் பார்த்தேன். மைதானத்துக்குக் கேட்டது. பாறையில் சிவப்பாகத் தெரிந்த ஜெயாவின் சேலையில் ஓர் அசைவும் இல்லை. செல்லம்மா அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

கோத்ததைப் பிரித்தேன். ஆறையும் சேர்த்து ஒரே முனையில், நாலு ஓம்ஸ் முனையில் கொடுத்தேன். ஓம்ஸ் மூன்றுக்கும் கீழே போகும், வாட் நூற்றெண்பது ஆகும் என்று எனக்குத் தெரியும். குமிழை முக்காலைத் தாண்டித் திருகினேன். "ஹலோ, ஜெயா, கேக்குதாம்மா?" என்றேன். என் குரல் எதிர் மலையில் மோதித் திரும்பி வந்தது. பாறையில் சிவப்புச் சேலை எழுந்து நின்றது. ஒரு கை உயர்ந்து ஆடியது.

செல்லம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்கு ஏதோ சாதித்துவிட்ட சந்தோஷம். என்னைக் கெடுத்தது அந்தச் சந்தோஷம்தான். இரண்டு மணி நேரம்தானே, தாங்கிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அதிகாரி பத்து மணிக்கு வருவதாக இருந்தது. பன்னிரண்டரைக்கு வந்தார். அதுவரை பாட்டு போட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்று கூட்டம் நடத்திய கமிட்டி என் தலைக்கு மேல் நின்றது. பதினொரு மணிக்குக் கை வைத்துப் பார்த்தேன். எட்டு வரைக்கும் எண்ண முடிந்தது. பன்னிரண்டு மணிக்கு ஐந்து. பாய் இருந்திருந்தால் அந்த இடத்திலேயே நிறுத்தியிருப்பார். நான் பாட்டின் சத்தத்தைக் குறைத்தேன். கமிட்டிக்காரர் ஓடி வந்து, "இன்னாங்க, எழவு வூடு மாதிரி இருக்குது? ஏத்தி வையிங்க" என்றார். ஏற்றினேன்.

அதிகாரி வந்ததும் வரவேற்புரை. ஆளாளுக்கு ஒரு சால்வை. வாங்கிய சால்வைகளை மேடையிலிருந்து யாரோ அள்ளிக்கொண்டு வந்து, மேசை என்று நினைத்து ஆம்ப்ளியின் மேலேயே போட்டுவிட்டுப் போனார்கள். ஒயரைச் சரி பார்த்துவிட்டுத் திரும்பியபோதுதான் கவனித்தேன். எடுத்துப் போட்டுவிட்டுக் கை வைத்தேன். மூன்றுகூட எண்ண முடியவில்லை. பழியைச் சால்வைகளின் மேல் போடலாம் என்று பல தடவை ஆசைப்பட்டிருக்கிறேன். மனசு ஒப்பவில்லை. சால்வை வருவதற்கு முன்பே ஆம்ப்ளி செத்துக்கொண்டுதான் இருந்தது.

கட்டிங் பிளேயரை எடுத்தேன். ஆறாவது குழாயின் ஒயரை வெட்டிவிட்டால் பாரம் கொஞ்சம் குறையும். ஐந்தாவதையும் வெட்டினால் பிழைத்துவிடும். ஐந்தாவது ஊர்க் கவுண்டர் கோபித்துக்கொள்வார், கொள்ளட்டும். ஆனால் ஆறாவதை எப்படி வெட்டுவது? மனு கொடுக்கிற வரிசையில் மூன்றாவதாக நின்றுகொண்டிருந்த செல்லம்மா என்னையே பார்த்தார். என் கையில் இருப்பது என்ன என்று அவருக்குத் தெரியாது. எல்லாம் சரியாக இருக்கிறதா என்பதுபோல் தலையை ஆட்டிக் கேட்டார். நானும் தலையை ஆட்டினேன். பிளேயரைப் பைக்குள் போட்டேன். ஐந்தாவதையாவது வெட்டியிருக்கலாம். அந்த ஒரு நொடி எனக்குப் புத்தி வேலை செய்யவில்லை.

அதிகாரி அரை மணி நேரம் பேசினார். நல்ல பேச்சுதான். மூன்று பேர் மைக்கில் வந்து குறையைச் சொல்லலாம், அங்கேயே பதில் சொல்கிறேன் என்றார். முதல் ஆள் முதியோர் பணம் வரவில்லை என்றார். "அடுத்த மாதம் வந்துவிடும்" என்று பதில். கைதட்டல். இரண்டாவது ஆள் பள்ளிக்கூடத்துக் கூரை என்றார். "பதினைந்து நாளில் ஆட்கள் வருவார்கள்" என்று பதில். கைதட்டல். இரண்டு பதிலும் கரகரப்போடு ஆறு ஊருக்கும் போயின.

செல்லம்மா மைக்கைப் பிடித்தார். "ஐயா, நான்" என்றார். கர்ரென்று ஒரு சத்தம். அப்புறம் ஒன்றுமே இல்லை. கம்பிச் சுருள் எரிந்தால் வருகிற நாற்றம், வார்னிஷைக் காய்ச்சிய மாதிரி, மூக்கில் ஏறியது.

பியூஸை மாற்றினேன். உடனே போனது. இன்னொன்று போட்டேன், அதுவும் போனது. முட்டி போட்டுக்கொண்டு ஆம்ப்ளியோடு மல்லுக்கட்டிக்கொண்டே தலையைத் தூக்கிப் பார்த்தேன். முப்பது அடி தள்ளி மேடையில் செல்லம்மா வெறும் வாயால் பேசிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்ததால் எனக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. கூட்டத்துக்கும் கேட்கவில்லை. ஆளுக்கு ஆள் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அதிகாரி குனிந்தார். காதுக்குப் பக்கத்தில் கையை வைத்துக்கொண்டார். ஏதோ சொன்னார். மனுவை வாங்கிப் பின்னால் நின்றவரிடம் கொடுத்தார். கும்பிட்டுவிட்டு ஜீப்பில் ஏறினார். எல்லாம் சேர்ந்து மூன்று நிமிஷம் இருக்கும்.

செல்லம்மா இறங்கி என் பக்கம் வராமல் நேராகத் தன் ஊர்ப் பாதையில் நடந்தார். நான் பாறையைப் பார்த்தேன். அந்தச் சிவப்புச் சேலை இன்னும் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தது.

கடைக்குத் திரும்பியதும் பாய் ஆம்ப்ளியின் மூடியைக் கழற்றி முகர்ந்து பார்த்தார். யூனிட்டுகளை மீட்டர் வைத்துப் பார்த்தார். மூன்று போயிருந்தன. "எத்தினி கொழா கட்டினே?" என்று கேட்டார்.

"நாலுதான் பாய்" என்றேன்.

ஆறு குழாயின் கயிற்றிலும் மலைச் செம்மண் அப்பியிருந்தது. அவர் அதைப் பார்த்தார். "சரி" என்றார். கை கால் கழுவி ஒளு செய்து தொழுகைக்குப் போய்விட்டார். கடைசிவரை அதைப் பற்றிப் பேசவே இல்லை.

நாலு மாசம் கழித்து மலையிலிருந்து அந்த ஐந்தாவது ஊர்க் கவுண்டர் திருவிழாவுக்குச் செட் பேச வந்தார். பேச்சுவாக்கில், "அந்தச் செல்லம்மா பொண்ணு பூட்ச்சிங்க. மழ நாளு. தூளி கட்டித் தூக்கிக்கினு வந்தாங்க, ஓடைய தாண்ட முடியல. புள்ளையும் நிக்கல" என்றார். சொல்லிவிட்டு, திருவிழாவுக்கு எட்டு குழாய் வேண்டும் என்றார்.

அன்றைக்கு ராத்திரி நான் சாப்பிடவில்லை. வீட்டில் கேட்டார்கள், வயிறு சரியில்லை என்றேன். எனக்கு நானே ஒரு வழக்கு நடத்திக்கொண்டேன். அதிகாரிக்குச் செல்லம்மா சொன்னது கேட்கவில்லை, கேட்டிருந்தால் மற்ற இரண்டு பேருக்குச் சொன்னதுபோல் ஊர் முன்னால் ஒரு தேதி சொல்லியிருப்பார், பாதை வந்திருக்கும், ஜெயா பிழைத்திருப்பாள். கேட்காமல் போனதற்குக் காரணம் நான். இதே தீர்ப்பைத்தான் வருஷக்கணக்காக எழுதிக்கொண்டிருந்தேன். மலைக்குச் செட் என்றால் வேறு ஆளை அனுப்பச் சொல்லிவிடுவேன். பாய் ஏன் என்று கேட்கவில்லை.

வேலையை விட்டு நின்ற பிறகு எனக்குப் போக்கிடம் இல்லாமல் போயிற்று. வேலை இருந்தவரை சத்தத்தில் மறந்திருந்தது, சும்மா உட்கார்ந்ததும் கழுத்தைப் பிடித்தது. ஒரு நாள் காலையில் கிளம்பினேன். கச்சிராயபாளையம் வழியாக மலை பஸ். பிறகு நடை. பாதை அப்படியேதான் கிடந்தது. உருண்டைக் கல்லும் வேரும். இரண்டு மணி நேரம் என்றார்கள், எனக்கு மூன்றரை ஆயிற்று.

செல்லம்மா வாசலில் புளி அடித்துக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. மைக்செட் என்றதும் தெரிந்தது. உட்காரச் சொன்னார். பால் இல்லாத வரக்காப்பி கொடுத்தார். நான் காப்பியைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். ஓம்ஸ், வாட் எல்லாம் அவருக்கு எதற்கு? ஆனாலும் சொன்னேன். ஆறு குழாய் போட்டது தப்பு, தெரிந்தே போட்டேன், நடுவில் நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை. "அவருக்கு நீங்க சொன்னது கேக்காமப் போனதுக்கு நாந்தாம்மா காரணம். ஜெயா போனதுக்கும் நாந்தான்" என்றேன். அழுதேன். எனக்கு அழ வராது என்று நினைத்திருந்தேன்.

அவர் புளியங்கொட்டையைத் தனியாகப் பொறுக்கிப் போட்டுக்கொண்டே இருந்தார்.

"அவருக்குக் கேட்டுச்சிண்ணா" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"எம் பக்கத்துலதான நின்னாரு? குனிஞ்சி, காதுல கைய வெச்சி, நான் சொன்னத ஒண்ணு வுடாம கேட்டாரு. நல்ல மனுஷன்தான். 'அது காட்டு எலாகா நெலம்மா. எங்கையில இல்ல. இப்போதைக்கு முடியாது, பொண்ணக் கீழ அனுப்பிடு'ன்னாரு. எனக்கும் நல்லாக் கேட்டுச்சி. உங்களுக்குத்தான் கேக்கல. அவளுக்குத்தான் கேக்கல."

அவர் இன்னொரு புளியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"வூட்டுக்கு வந்தேன். பாறமேல இருந்து எறங்காம எனக்காவ ஒக்காந்துக்கினு இருந்தா. 'மைக்கு நின்னுபூட்ச்சேம்மா, இன்னா சொன்னாரு?'ன்னு கேட்டா. நாளெல்லாம் வெயில்ல காஞ்ச மூஞ்சி. அதப் பாத்துக்கினு ஆவாதுன்னு சொல்ல எனக்கு வாய் வரல. அவ போய்ட்டா ராவுல தனியா கெடக்கணுமேன்னும் இருந்துச்சி. ஆவுதுன்னு சொல்லிட்டாருன்னேன். பாத வெட்ட மிசினு வருதுன்னேன். நாளைக்கு உண்மையச் சொல்லிக்கலாம், நாளைக்குச் சொல்லிக்கலாம்னு நாளு போய்ட்ச்சி. மழ புடிச்சிக்கிச்சி."

கையில் இருந்த புளியை முறத்தில் வைத்தார். "இத யாருக்கும் சொன்னதில்லண்ணா. நான் இருக்கற வரைக்கும் நீங்களும் சொல்லாதீங்க."

சொல்லவில்லை. போன ஆடியில் அவர் போய்ச் சேர்ந்தார். அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

அன்றைக்கு நான் எழுந்து புறப்படும்போது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மைக்கு ஓடியிருந்து, அவரு ஆவாதுன்னத அவளே கேட்டிருந்தா, என் தங்கச்சி வூட்டுக்குப் போயிருப்பா, இல்லிங்கண்ணா?"

"தெரியலம்மா" என்றேன்.

எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.